பந்தய விளையாட்டு ஸ்டியரிங், பெடல் நடுங்கினால்: கழற்றுவதற்கு முன் கோளாற்றைக் கண்டறியும் வழி

கணினிப் பந்தய விளையாட்டில் நேர்ச்சாலையில் போகும் கார், பிரேக்கை யாரும் தொடாமலேயே வேகம் குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் என்ஜின் ஓசை ஏறி ஏறி இறங்குகிறது. கைகள் அசையாமல் இருந்தாலும் திரையில் ஸ்டியரிங் இடமும் வலமும் துடிக்கிறது. ஓரிரு ஆண்டுகள் உழைத்த ஸ்டியரிங், பெடல் தொகுதிகளில் இது அடிக்கடி வரும் கோளாறு.

இப்படி ஆனதும் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பொருள் கெட்டுவிட்டது என்று குப்பைக்குப் போகிறது, அல்லது பிள்ளைகள் திருப்புளியை எடுத்துக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கருவியில் நடுங்குவது பெரும்பாலும் விரல்நுனி அளவுள்ள ஒரு பாகம்தான். சில நேரங்களில் கருவியில் கோளாறே இருக்காது. கணினியின் மின்சாரமோ, அமைப்புகளில் தவறாக இருக்கும் ஒரு தெரிவோ காரணமாக இருக்கும். எது என்று தெரிந்துகொள்ளக் காசு செலவாகாது. வரிசையாகப் பார்க்கும் பொறுமை போதும்.

சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்குக்கு நல்ல வரவேற்பு உண்டு. ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் 2008 செப்டம்பர் 28ஆம் தேதி மரினா பே வீதித் தடத்தில் நடந்தது. 2023 ஜூன் மாதம் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடைபெற்ற ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் ‘கிரான் டூரிஸ்மோ 7’ மூலம் கார் பந்தயமும் ஒரு பிரிவாக இடம்பெற்றது. மரினா பே தடம் இப்போது ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர் நீளமும் 19 வளைவுகளும் கொண்டது. இரு பக்கமும் தடுப்புச் சுவர் ஒட்டியே வரும் அப்படிப்பட்ட தடத்தை விளையாட்டில் ஓட்டும்போது ஸ்டியரிங்கின் சிறு துடிப்பும் சுவரில் கொண்டுபோய் விடும்.

மூன்று வகை ஆட்டம்

‘ஸ்டியரிங் நடுங்குகிறது’ என்று சொல்லும்போது பலர் மூன்று வெவ்வேறு சங்கடங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, எண் நடுக்கம். சக்கரமோ பெடலோ கண்ணுக்கு அசையவில்லை. ஆனால் கணினிக்குப் போகும் எண் குதிக்கிறது. உணர்கருவி, கம்பி, மின்சாரம் ஆகியவற்றில் ஒன்று இதற்குக் காரணம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியது.

இரண்டாவது, சக்கர ஆட்டம். நேர்ச்சாலையில் கையை விட்டால் சக்கரமே இடமும் வலமும் ஆடி, ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இது உணர்கருவிப் பழுது அன்று. சாலையின் எதிர்விசையைக் கைக்கு உணர்த்தும் மோட்டாருக்கு விளையாட்டிலிருந்து வரும் கட்டளை சற்றுத் தாமதமாக வருவதால், மோட்டார் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் திருத்துகிறது. மோட்டாரின் பலத்தைக் குறைப்பது, தணிப்பு அளவைச் சிறிது கூட்டுவது, கையை லேசாகச் சக்கரத்தில் வைத்திருப்பது ஆகியவற்றால் இது அடங்கும். மோட்டார் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றும் விலையுயர்ந்த கருவிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, படத் திக்கல். சக்கரமும் எண்ணும் சரியாக இருக்கின்றன. திரையில் ஓடும் படம் விட்டுவிட்டு வருவதால் கார் துடிப்பதுபோல் தோன்றுகிறது. கணினியின் வரைகலைத் திறனுக்கு விளையாட்டின் படத்தரம் அதிகமாக இருப்பதே காரணம். படத்தரத்தைக் குறைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பது என்ன?

பெடலை எவ்வளவு மிதித்தார்கள் என்பதை அளக்கப் பொதுவாக மூன்று வகை உணர்கருவிகள் பயன்படுகின்றன.

விலை குறைந்த, நடுத்தர விலைக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். லாஜிடெக் ஜி29 பெடல்களில் இருப்பதும் இதுவே. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் உள்ளே இருக்கும் அதே பாகம் இது. வளைந்த கார்பன் தடம் ஒன்றின்மேல் சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். பழைய ரேடியோவில் திருகைத் திருப்பும்போது ‘கரகர’ என்று ஓசை வருவதைப் பலர் கேட்டிருப்பார்கள். தடத்தில் தூசி படிந்தாலோ கார்பன் தேய்ந்தாலோ நாக்குக்குத் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். ரேடியோவில் கரகரப்பாகக் கேட்டது, பெடலில் எண் நடுக்கமாகத் தெரிகிறது.

இரண்டாவது வகை, ஹால் உணர்கருவி. 1879ஆம் ஆண்டு எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. பெடலில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது நெருங்குவதையும் விலகுவதையும் உணர்கருவி தொடாமலேயே அளக்கும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஃபனாடெக் சிஎஸ்எல் பெடல்களிலும் திரஸ்ட்மாஸ்டர் டி300 ஆர்எஸ் ஸ்டியரிங்கிலும் இவ்வகை உள்ளது. இவற்றில் நடுக்கம் வந்தால் காந்தம் தளர்ந்ததா, மின்சாரத்தில் இரைச்சல் உள்ளதா, ஒலிபெருக்கி போன்ற வேறு காந்தம் அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, பிரேக்கில் மட்டும் வரும் ‘லோடு செல்’. எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதை இது அளப்பதில்லை. எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதை அளக்கிறது. கடைகளில் உள்ள மின்னணு எடைத் தராசின் உள்ளே இருப்பதும் இதுதான். இது தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பலத்துக்கும் 10 மில்லிவோல்ட் அளவே வரும். அதைப் பெருக்கித்தான் கணினிக்கு அனுப்ப வேண்டும். அதனால் சுற்றுப்புற மின் இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடும். ஹால், லோடு செல் பெடல்களில் வரும் நடுக்கத்துக்குப் பாகத்தின் தேய்மானத்தைவிட மின்சாரமே அதிகம் காரணமாக இருக்கிறது.

முதல் படி: எண்ணைப் பார்ப்பது

விளையாட்டுக்குள் நின்றுகொண்டு கோளாற்றைத் தேடக் கூடாது. விண்டோசில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய் ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒரு புள்ளியையும் சி, பி, எல் ஆகிய மூன்று எழுத்துகளையும் தட்டச்சு செய்ய வேண்டும். இணைக்கப்பட்ட ஸ்டியரிங்கின் பெயர் தெரியும். அதன் பண்புகளைத் திறந்தால் ஸ்டியரிங்கும் ஒவ்வொரு பெடலும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

எது நடுங்குகிறது? ஒரு பெடல் மட்டுமா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் அந்தப் பெடலின் உணர்கருவி அல்லது அதன் கம்பிமீது சந்தேகம் விழும். எல்லாமே ஒன்றாக நடுங்கினால் மின்சாரம், யுஎஸ்பி இணைப்பு, பெடலிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகும் பொதுக் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்போது நடுங்குகிறது? பெடலை மிக மெதுவாக அழுத்தி, மெதுவாக விட வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் குதித்தால் அந்த இடத்தில் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு இருக்கிறது. கம்பியை அசைக்கும்போது மட்டும் குதித்தால் கம்பிக்குள் இழை அறுந்திருக்கலாம், அல்லது இணைப்பு முனை தளர்ந்திருக்கலாம். எங்கும் எப்போதும் ஒரே அளவில் துடித்தால் அது மின் இரைச்சல்.

எவ்வளவு நடுங்குகிறது? சிறு துடிப்பு எல்லாக் கருவியிலும் உண்டு. 8 பிட் அளவில் அளக்கும் பெடலுக்கு மொத்தம் 256 படிகள். அதில் ஒரு படி முன்பின் போவது 0.4 விழுக்காடு மட்டுமே. அது கோளாறு அன்று. 16 பிட் அளவில் அளக்கும் ஸ்டியரிங்கில் 65,536 படிகள். 900 பாகை சுழலும் சக்கரத்தில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 73 படிகள் வரும். அதில் ஐந்தாறு படிகள் துடித்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. காலை எடுத்த பிறகும் பிரேக் 3 விழுக்காட்டில் நிற்பதோ, ஆக்சிலேட்டர் 80க்கும் 100க்கும் இடையே குதிப்பதோதான் கவனிக்க வேண்டிய கோளாறு.

இந்த மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. திரையைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் காணொளி எடுத்து வைத்தால் பிறகு கடையிலோ உத்தரவாத மையத்திலோ காட்டலாம்.

இரண்டாம் படி: மென்பொருளைச் சரிபார்ப்பது

எண் சரியாக இருந்து விளையாட்டில் மட்டும் சங்கடம் இருந்தால் கருவியைத் தொடவே வேண்டாம். விளையாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பில் வேறொரு கருவியும் ஸ்டியரிங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய ஜாய்ஸ்டிக் யுஎஸ்பியில் செருகியபடி இருந்து, அதன் நடுங்கும் குச்சி காரைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஸ்டீம் வழியாக விளையாடுவோர், ஸ்டீம் தன் பங்குக்குக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றியமைக்கும் வசதியை அந்த விளையாட்டுக்கு மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டும்.

சில கருவிகளின் மென்பொருளில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே அச்சில் சேர்க்கும் தெரிவு உண்டு. மிகப் பழைய விளையாட்டுகளுக்காக வைத்தது அது. அதில் குறியிட்டிருந்தால் இரண்டு பெடலையும் ஒன்றாக மிதிக்கும்போது ஒன்றை மற்றொன்று கழித்துவிடும். பெடல் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

அடுத்தது அளவுத் திருத்தம். கணினியில் செருகியவுடன் ஸ்டியரிங் தானாக இரு முனைக்கும் சுழன்று நடுவுக்கு வரும். அப்போது சக்கரத்தைப் பிடிக்கக் கூடாது. பல கருவிகளில் பெடல்களும் முதல் மிதியில்தான் தங்கள் எல்லையைக் கற்றுக்கொள்கின்றன. அதனால் செருகியதும் ஒவ்வொரு பெடலையும் ஒருமுறை முழுவதும் மிதித்து விட வேண்டும். விண்டோசில் முன்பு செய்துவைத்த அளவுத் திருத்தம் இருந்தால் அதை நீக்கி, தொடக்கநிலைக்குக் கொண்டுவருவது நல்லது. தயாரிப்பாளரின் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: மின்சாரமும் கம்பியும்

மடிக்கணினி வைத்திருப்போருக்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. மின்னூட்டியைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால் குற்றவாளி பெடல் அன்று, மின்னூட்டி வழியாக வரும் இரைச்சல். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவரில் மூன்று துளை இருந்தாலும் சில மின்னூட்டிகளின் மூன்றாவது முள் வெறும் பிளாஸ்டிக். அப்படிப்பட்டதில் நிலத்தொடர்பு இருக்காது. நிலத்தொடர்பு உள்ள மூன்று முள் மின்னூட்டியுடன் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கணினியை இருமுள் மாற்றி வழியாகச் செருகியிருந்தாலும் இதே சங்கடம் வரும்.

உலோகச் சட்டத்தில் இருக்கை, பெடல், மோட்டார் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்போர், சட்டத்தையும் கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியையும் ஒரு கம்பியால் இணைப்பதுண்டு. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுவர் மின்செருகியைத் திறப்பதோ அதிலிருந்து கம்பி எடுப்பதோ உயிருக்கு ஆபத்து. அது உரிமம் பெற்ற மின்னியலாளரின் வேலை.

அடுத்து, யுஎஸ்பி. பல பொருள்களைச் செருகும் நீட்டிப்புப் பெட்டியை விட்டு, கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர். அதை நான்கு பொருள்கள் பங்குபோட்டால் அளவு குறையும். கம்பியின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பியை உறங்கவைக்கும் தெரிவு விண்டோசின் மின்சக்தி அமைப்பில் உண்டு. அதை அணைத்துவிட வேண்டும்.

பெடல் கம்பி, மோட்டாரின் மின்கம்பியோடு பின்னிக் கிடந்தால் பிரித்துத் தள்ளி வைக்க வேண்டும். இதைச் சோதிக்க, விளையாட்டில் மோட்டாரின் பலத்தைப் பூச்சியமாக்கி ஓட்டிப் பார்க்கலாம். பலம் இல்லாதபோது பெடல் அமைதியாக இருந்தால் இரைச்சல் மோட்டாரிலிருந்து வருகிறது. விசிறி, கம்பியில்லா மின்னூட்டத் தட்டு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம்.

நான்காம் படி: திறப்பது

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் திறக்கக் கூடாது. திறந்தால் உத்தரவாதம் பறிபோகலாம். காலம் முடிந்துவிட்டது, மேலே சொன்ன மூன்று படிகளும் உணர்கருவியையே காட்டுகின்றன என்றால் மட்டும் திருப்புளியை எடுக்கலாம். யுஎஸ்பி, மின்செருகி இரண்டையும் முதலில் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் வராது.

உள்ளே முதலில் செய்ய வேண்டியது இடமாற்றுச் சோதனை. பல தொகுதிகளில் மூன்று பெடலுக்கும் ஒரே வகைப் பொட்டன்ஷியோமீட்டர்தான். பிரேக் கம்பியையும் கிளட்ச் கம்பியையும் மாற்றிச் செருக முடிந்தால் மாற்றிப் பார்க்க வேண்டும். திரையில் நடுக்கம் பிரேக் கோட்டிலிருந்து கிளட்ச் கோட்டுக்கு நகர்ந்தால் உணர்கருவிதான் பழுது. நகராமல் பிரேக் கோட்டிலேயே நின்றால் பழுது மின்பலகையிலோ நீண்ட கம்பியிலோ இருக்கிறது. புதுப் பாகம் வாங்கியும் பயன் இருக்காது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகும். பொட்டன்ஷியோமீட்டரின் மூன்று கால்களில் இரு ஓரங்களுக்கும் இடையே மின்தடை மாறாமல் நிற்க வேண்டும். நடுக்காலுக்கும் ஓரத்துக்கும் இடையே, தண்டைத் திருப்பத் திருப்ப வழுவழுவென்று மாற வேண்டும். இதற்கு எண் காட்டும் மீட்டரைவிட முள் ஆடும் பழைய மீட்டர் நல்லது. எண் மாறுவதற்குள் தவறிப்போகும் குதிப்பை முள் காட்டிக்கொடுத்துவிடும்.

அழுக்கு என்றால் சுத்தம் செய்தால் போதும். மின்னணுப் பாகங்களுக்கென்றே விற்கும் ‘கான்டேக்ட் கிளீனர்’, பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கால்களுக்கு அருகிலுள்ள சிறு இடைவெளியில் சிறிதளவு பீய்ச்சி, தண்டை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பி, நன்கு காயவிட வேண்டும். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய்த் தெளிப்பானைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பிசுக்கு இன்னும் தூசியைச் சேர்க்கும். கிளீனர்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. குளிரூட்டி போட்டு மூடிய அறையிலோ சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடத்திலோ இதைச் செய்யக் கூடாது.

சுத்தம் செய்த சில வாரங்களில் நடுக்கம் திரும்பினால் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவதுதான் வழி. பாகத்தின் உடம்பில் உள்ள குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். பி103 என்றால் சீராக மாறும் 10 கிலோ ஓம் வகை. ஏ103 என்பதும் 10 கிலோ ஓம்தான். ஆனால் அது ஒலிக் கருவிகளுக்கானது, சீராக மாறாது. அதைப் பெடலில் போட்டால் பாதி மிதித்தபோது கால்வாசிக்கும் குறைவாகக் காட்டும். தண்டின் நீளமும் வடிவமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய பாகத்தையே கையில் எடுத்துப் போவது நல்லது.

தேய்மானம் இல்லாமல் சிறு இரைச்சல் மட்டும் இருந்தால், நடுக்காலுக்கும் தரைக்காலுக்கும் இடையே 104 என்று குறித்த 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைக்கலாம். 10 கிலோ ஓம் பாகத்தோடு சேரும்போது அது உண்டாக்கும் தாமதம் கால் மில்லிவினாடி அளவே.

ஸ்டியரிங் சக்கரத்தின் கதை சற்று வேறு. லாஜிடெக் ஜி27 போன்ற பழைய சக்கரங்கள், துளைகள் உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டின் வழியே ஒளியைச் செலுத்திச் சுழற்சியை எண்ணுகின்றன. அந்தத் தட்டு மோட்டார் தண்டைப் பற்றும் இடத்தில் விரிசல் விடுவது பழுதுபார்ப்போருக்குப் பழகிப்போன ஒன்று. அப்போது எண் நடுங்குவதைவிட, சில வளைவுகளுக்குப் பிறகு நடுப்புள்ளி இடம்மாறிப் போவதே முக்கிய அறிகுறி. தட்டை மாற்றினால் சரியாகும்.

மறைப்பது வேறு, சரிசெய்வது வேறு

விளையாட்டு அமைப்பில் ‘டெட்சோன்’ என்ற அளவு உண்டு. பெடலின் முதல் சில விழுக்காட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். காலை எடுத்த பிறகும் பிரேக் 2 விழுக்காடு துடித்தால், 3 விழுக்காடு டெட்சோன் வைத்தால் கார் தானாக வேகம் குறைவது நிற்கும். தற்காலிகத்துக்கு நல்ல வழி. ஆனால் நடு மிதியில் வரும் குதிப்பை அது தொடாது. தேய்மானம் கூடக் கூட 3 என்பது 5 ஆகும், பிறகு 10 ஆகும். பிரேக்கின் நுண்மை ஓட்டுபவரின் காலுக்குத் தெரியாமலே போய்விடும்.

எண்களைச் சராசரியாக்கும் வடிகட்டியும் அப்படித்தான். துடிப்பை மழுப்பும், கூடவே தாமதத்தையும் தரும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், 50 மில்லிவினாடியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போய்விடும். பிரேக் அவ்வளவு தள்ளிப் பிடித்தால் வளைவு கையைவிட்டுப் போகும்.

ஈரப்பதமும் வீட்டுப் பழக்கமும்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாள்களின் பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். உலோக இணைப்பு முனைகள் மங்குவதற்கும் மசகில் தூசி ஒட்டுவதற்கும் இது ஏற்ற சூழல். விளையாடாத நாள்களில் பெடலை வீவக வீட்டின் பால்கனியிலோ காற்றோட்டமில்லாத பொருளறையிலோ வைப்பதைத் தவிர்க்கலாம். மூடிய பெட்டியில் ஈரமுறிஞ்சியோடு வைப்பது நல்லது.

பெடல் தரையில் இருக்கும் பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. தரை துடைக்கும்போது ஈரத் துடைப்பம் அதன் அடியில் போகும். முடியும் தூசியும் அங்கேதான் சேரும். துடைப்பதற்கு முன் தூக்கி வைப்பதும் மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுவதும் பொட்டன்ஷியோமீட்டரின் ஆயுளைக் கூட்டும்.

எங்கே போவது?

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இதற்கான இடம் உண்டு. ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் மின்னணு உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்போனது. பொட்டன்ஷியோமீட்டர், மின்தேக்கி, மல்டிமீட்டர், பற்றவைக்கும் கருவி, கான்டேக்ட் கிளீனர் போன்றவற்றை அங்கே தேடலாம். ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய சிம் லிம் சதுக்கம் கணினி, துணைக்கருவிகளுக்கான இடம். ஒரு காலத்தில் பழைய பாகங்களைத் தேடுவோர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போவார்கள். அது 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது.

பற்றவைக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்னும் சமூக முயற்சியில் தன்னார்வலர்கள், பழுதான பொருள்களை உரிமையாளரே சரிசெய்யக் கற்றுத்தருகிறார்கள். எந்தப் பொருளை எடுத்துவரலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய கருவி வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன்பே முதல் படியைச் செய்ய வேண்டும். மடிக்கணினியை எடுத்துச் சென்று, விற்பவர் வீட்டிலேயே செருகி, ஒவ்வொரு பெடலையும் மெதுவாக மிதித்து எண்ணைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சக்கரம் தானாகச் சுழன்று சரியாக நடுவில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கியிருந்தால் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. வாங்கியவர் முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடைகளில் வாங்கும் பழைய பொருள்களுக்கும் இது பொருந்தும். தனிமனிதர் ஒருவர் மற்றொருவருக்கு விற்பதற்குப் பொருந்தாது. பேச்சில் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். ரசீதும், முதல் படியில் எடுத்த காணொளியும் அங்கே பயன்படும்.

அறிகுறியும் பார்க்க வேண்டிய இடமும்

ஒரு பெடல், ஒரே இடத்தில் குதிக்கிறது: அந்தப் பெடலின் பொட்டன்ஷியோமீட்டர். சுத்தம் செய்து, பயனில்லை என்றால் மாற்ற வேண்டும்.

ஒரு பெடல், கம்பியை அசைத்தால் மட்டும் குதிக்கிறது: கம்பி அல்லது இணைப்பு முனை.

எல்லாப் பெடலும் ஒரே அளவில் துடிக்கின்றன: மின்னூட்டி, நிலத்தொடர்பு, யுஎஸ்பி.

மோட்டார் பலமாக இயங்கும்போது மட்டும் துடிக்கிறது: மோட்டார் கம்பியோடு பின்னிய பெடல் கம்பி.

நடுப்புள்ளி இடம்மாறிப் போகிறது: ஸ்டியரிங்கின் சுழற்சி எண்ணும் தட்டு.

கையை விட்டால் சக்கரமே ஆடுகிறது: மோட்டார் பலம், தணிப்பு அமைப்பு.

எண் சரி, விளையாட்டில் மட்டும் கோளாறு: கட்டுப்பாட்டு அமைப்பு, செருகிக் கிடக்கும் வேறு கருவி.

இந்தப் பட்டியலில் பணம் கொடுத்துப் பாகம் வாங்க வேண்டிய இடங்கள் சிலவே. மற்றவை பெரும்பாலும் கழற்றிச் செருகுவதாலும் அமைப்பை மாற்றுவதாலும் தீர்பவை. பாகம் வாங்கவே நேர்ந்தாலும், எதை வாங்க வேண்டும் என்று தெரிந்து போகிறவருக்கு ஒரு முறை சிம் லிம் டவர் போய் வருவதோடு வேலை முடிந்துவிடும்.